காலாண்டு லீவும் கைக்கோடாரியும்: அத்திரம்பாக்கத்துக்கு ஒரு குடும்பப் பயணம்

போன மாசம் நமக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு அப்பா அனுப்பினது. வீட்ல ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் யூகேஜி, சின்னவளுக்கு மூணு வயசு. "காலாண்டு லீவு வருது. எனக்கு ஒரே ஒரு நாள் ஆஃப். மால், பீச் ரெண்டும் போரடிச்சிருச்சு. எங்க பக்கம் ஃபேக்டரியையும் லாரியையும் தவிர என்னங்க இருக்கு? வரலாறு வரலாறுன்னு பேசுறீங்களே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க." இதுதான் கேள்வி. கடைசியில கொஞ்சம் கிண்டல் இருந்துச்சு, நியாயமான கிண்டல்தான்.

அவருக்கான பதில்தான் இந்த எபிசோட். பதில் அவர் இருக்கிற அதே மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு. திருவள்ளூர் மாவட்டம், பூண்டி ஏரிக்குப் பக்கம், அத்திரம்பாக்கம்னு ஒரு சின்ன கிராமம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இந்தியாவுல மனுஷ இனம் வாழ்ந்ததற்கு அறிவியல் முறையில தேதி சொல்லப்பட்ட மிகப் பழைய இடங்கள்ல ஒண்ணு அது. சுமார் 15 லட்சம் வருஷம். எழுத்துப்பிழை இல்லைங்க, லட்சம்தான்.

முதல்ல சீசனைப் பத்திப் பேசிடறேன். வெளிநாட்டுக் குழந்தைகள் புத்தகங்கள்ல அக்டோபர்னா உடனே மஞ்சள் இலை, சிவப்பு இலை, அதைக் குவிச்சு வெச்சு அதுல குதிக்கிற பிள்ளைங்கன்னு படம் போட்டிருப்பாங்க. என் மகளும் அதைப் பார்த்துட்டு "நம்ம ஊர்ல எப்போ இலை கொட்டும்?"னு கேட்டா. நம்ம ஊர்ல அந்த நேரத்துல இலை கொட்டாது, மழைதான் கொட்டும். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம்னு பழைய தமிழ்க் கணக்கு. இலைக் குவியலுக்குப் பதிலா நம்ம பிள்ளைங்களுக்குச் சேறு. அந்தச் சேறுதான் இன்னைக்கு நம்ம கதையோட முக்கியமான பாத்திரம்.

1863, செப்டம்பர் 28, திங்கட்கிழமை. நம்ம கணக்குல புரட்டாசி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரெண்டு பேர் அத்திரம்பாக்கம் பக்கத்துல ஒரு ஓடைக்கரையில நடந்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 29 வயசு. இன்னொருத்தர் வில்லியம் கிங். கொசஸ்தலை ஆத்துல வந்து சேர்ற ஒரு சின்ன ஓடை அது. மழைத்தண்ணி அந்த மண்ணை அறுத்து அறுத்துப் பள்ளம் பள்ளமா ஆக்கி வெச்சிருக்கு. அந்தப் பள்ளங்களோட ஓரத்துல, மனுஷன் கையால செதுக்கின கல் கருவிகள் கிடக்குது.

இந்த ரெண்டு பேரும் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாங்க. ஏன்னா அதுக்கு 4 மாசம் முன்னாடி, மே 30ஆம் தேதி, பல்லாவரத்துல ஒரு கிராவல் குழியில ஃபூட் அதே மாதிரி ஒரு கல்லை எடுத்திருந்தார். இந்தியாவுல அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். இன்னைக்கு ஏர்போர்ட்டுக்குப் போகும்போது டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, அதே பல்லாவரம்.

இதுல காலத்தையும் கவனிக்கணும். டார்வினோட 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வந்தது 1859. பிரான்ஸ்ல சோம் ஆத்துப் படுகையில கிடைச்ச கற்கள் உண்மையாவே பழங்கால மனுஷங்க செஞ்சதுதான்னு இங்கிலாந்து அறிஞர்கள் ஒத்துக்கிட்டதும் அதே 1859தான். மனுஷ இனம் சில ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசுங்கிறதே அப்போ சூடான விவாதம். அந்த விவாதம் ஆரம்பிச்சு 4 வருஷத்துக்குள்ள திருவள்ளூர் மண்ணு அதுல சாட்சியா வந்து நிக்குது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஃபூட்கூட நடந்த வில்லியம் கிங்கோட அப்பா பேரும் வில்லியம் கிங்தான். அயர்லாந்துல கால்வே ஊர்ல நிலவியல் பேராசிரியர். ஜெர்மனியில நியாண்டர் பள்ளத்தாக்குல கிடைச்ச எலும்பு நம்மளை மாதிரி மனுஷனோடது இல்ல, வேற ஒரு மனுஷ இனம்னு சொல்லி 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்'னு பேர் வெச்சவர். அதை அவர் எந்த வருஷம் முன்மொழிஞ்சார் தெரியுமா? 1863. இங்கிலாந்துல நியூகாசில் நகரத்துல நடந்த ஒரு அறிவியல் கூட்டத்துல. ஒரே வருஷத்துல அப்பா அங்க இன்னொரு மனுஷ இனத்துக்குப் பேர் வெக்கிறார், பையன் இங்க கொசஸ்தலை ஓரத்துல இன்னொரு பழைய மனுஷக் கூட்டத்தோட கைவேலையைக் குனிஞ்சு எடுக்கிறார். சினிமாவுல வெச்சா நம்ப மாட்டோம்.

குடும்பம்னு பேச்சு வந்ததால ஃபூட் வீட்டுக் கதையும் சொல்லிடறேன். அவர் கல்யாணம் பண்ணது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோட மகளை. எந்த பெர்சிவல்? யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரைக் கூட வெச்சுக்கிட்டு பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தாரே, அவர்தான். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அவர்தான். ஆக, கல்லைத் தேடுற மருமகன், பழமொழி தேடுற மாமனார். அப்புறம் 1880கள்ல கர்னூல் பக்கம் பில்லசுர்கம் குகைகள்ல ஃபூட் தோண்டினப்போ, வேலையைத் தொடர்ந்து செஞ்சது யாரு? அவர் மகன் ஹென்றி. ராணுவத்துல அதிகாரி. அப்பாவோட மண்ணு தோண்டப் போன பையன். "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஏதாவது"ன்னு நம்ம நேயர் கேட்டாரே, இந்தத் துறையில அது முதல்லேர்ந்தே இருக்கு போல. ஃபூட் சேர்த்த கற்கள் பெரும்பாலும் 1904ல மெட்ராஸ் அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்துச்சு. எழும்பூர் மியூசியத்துல இன்னைக்கும் பார்க்கலாம்.

சரி, 15 லட்சத்துக்கு வருவோம்.

ஃபூட் காலத்துல அந்தக் கல்லுக்கு வயசு சொல்ல வழியே கிடையாது. 'ரொம்பப் பழசு', அவ்வளவுதான். அதுக்கப்புறம் 1930கள்ல வி. டி. கிருஷ்ணசாமி இந்தப் பகுதி முழுக்க அலைஞ்சு ஆய்வு பண்ணினார். 1960கள்ல இந்தியத் தொல்லியல் துறைக்காக கே. டி. பானர்ஜி தோண்டினார். இந்த வகைக் கருவிகளுக்கு 'மெட்ராஸ் கைக்கோடாரி மரபு'ன்னே உலகப் பாடப்புத்தகங்கள்ல பேர் விழுந்துச்சு. எங்க ஸ்கூல் புக்லயும் ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரியை ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம்.

1999ல சாந்தி பப்பு தலைமையில ஒரு குழு மறுபடியும் தோண்ட ஆரம்பிச்சது. குமார் அகிலேஷும் அந்த வேலையில முக்கியமானவர். ஷர்மா பாரம்பரியக் கல்வி மையம்னு சென்னையில இவங்க நடத்துற நிறுவனம், பிள்ளைகளுக்குத் தொல்லியல் சொல்லிக்கொடுக்கிற வேலையும் செய்யுது. இவங்க பல மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்கா மண்ணை எடுத்து, ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்குல, எந்த ஆழத்துல இருந்துச்சுன்னு குறிச்சாங்க. அடி அடுக்குக் களிமண்ல 3,500க்கும் மேல கருவிகள் கிடைச்சது. 2011ல 'சயின்ஸ்' இதழ்ல முடிவு வந்துச்சு. குறைஞ்சது 10 லட்சத்து 70 ஆயிரம் வருஷம், சராசரியாப் பார்த்தா 15 லட்சம் வருஷம்.

எப்படிக் கணக்குப் போட்டாங்க? இதை என் மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன், அதனால உங்களுக்கும் அதே மாதிரி சொல்றேன். விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பூமி மேல விழுந்துக்கிட்டே இருக்கு. ஒரு கல் வெட்டவெளியில கிடந்தா, அந்தக் கதிர் பட்டு அதுக்குள்ள ரெண்டு விதமான அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா உருவாகும். அலுமினியம்-26, பெரிலியம்-10. கல் ஆழமா மண்ணுக்குள்ள புதைஞ்சிட்டா புதுசா உருவாகிறது நின்னுடும். இருக்கிறது குறைய ஆரம்பிக்கும், அலுமினியம் வேகமா, பெரிலியம் மெதுவா. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு விகிதம் மிச்சம் இருக்குன்னு பார்த்தா, கல் எப்போ புதைஞ்சதுன்னு தெரியும். ஐஸ்கிரீமும் வெண்ணெயும் ஒண்ணா வெளியில வெச்சா எது எவ்வளவு உருகியிருக்குன்னு பார்த்து நேரம் சொல்ற மாதிரி. இதுகூட இன்னொரு சாட்சியும் இருக்கு. பூமியோட காந்த வடக்கு தெற்கு அப்பப்போ தலைகீழாப் புரளும். கடைசியா முழுசாப் புரண்டது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. அத்திரம்பாக்கத்தோட அடிக் களிமண் அதுக்கு முந்தின, தலைகீழ் காந்தத்தைத்தான் காட்டுது. ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போகுது.

அப்புறம் 2018ல 'நேச்சர்' இதழ்ல இன்னொரு கட்டுரை. இது மேல் அடுக்குகளைப் பத்தினது. அங்க பெரிய கைக்கோடாரிகள் குறைஞ்சு, சின்னச் சின்னதா, முன்கூட்டியே திட்டம் போட்டு உடைச்ச செதில்கள் வருது. 7,000க்கும் மேற்பட்ட கல் பொருட்கள். இந்த மாற்றம் இங்க தொடங்கினது சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடின்னு அந்தக் கட்டுரை சொல்லுது. இதுக்கு வேற கடிகாரம். மணல் துகள் கடைசியா வெயிலைப் பார்த்தது எப்போன்னு அளக்கிற முறை. இதுல என்ன பெரிய விஷயம்னா, இந்தப் புது நுட்பம் நவீன மனுஷன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்தப்போ, ஒரு ஒண்ணேகால் லட்சம் வருஷத்துக்கு முன்னாடிதான் இந்தியாவுக்கு வந்துச்சுன்னு பலரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. அத்திரம்பாக்கம் அந்தக் கதையைக் கலைச்சுப் போட்டுருச்சு. யார் செஞ்சாங்கன்னு கேட்டா, கைக்கு எலும்பு எதுவும் கிடைக்கல. கல் மட்டும்தான் பேசுது.

இதை வெச்சு "உலகின் முதல் மனிதன் தமிழன்"னு ஆரம்பிக்கிற வீடியோக்கள் நிறைய சுத்துது. தயவு செஞ்சு அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தமிழ் மட்டுமில்ல, நம்ம இனமே, ஹோமோ சேப்பியன்ஸே, கிடையாது. அதே மாதிரி பூண்டிப் பக்கம் வாழற இருளர் மக்களைக் காட்டி "கற்கால மனிதர்களின் வாரிசு"ன்னு தம்ப்நெயில் போடறாங்க. அவங்க உங்களை மாதிரியே, என்னை மாதிரியே, இந்தக் காலத்து மனுஷங்க. செல்போன் வெச்சிருக்காங்க, ரேஷன் கார்டுக்கு அலையறாங்க. ஒரு சமூகத்தைக் கற்காலம்னு சொல்றது வரலாறு இல்லைங்க.

இப்போ குழந்தைங்க விஷயத்துக்கு வர்றேன். ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிக்கிட்டிருந்த கேள்வி இதுதான். தொல்லியல் புத்தகத்துல வர்ற ஓவியம் எல்லாத்துலயும் ஒரு தாடிக்கார ஆம்பளை கல்லைச் செதுக்குவான், தூரத்துல ஒரு யானை நிக்கும். பிள்ளைங்க எங்க? 15 லட்சம் வருஷமா இந்த ஓடைக்கரைக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்தாங்கன்னா, இடுப்புல ஒண்ணு, கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுன்னு வராமலா இருந்திருப்பாங்க?

அத்திரம்பாக்கத்துல அதுக்கு நேரடிச் சாட்சி கிடையாது. அங்க களிமண்ல விலங்குகளோட குளம்புத் தடங்கள் பதிஞ்சிருக்கு. குதிரை இனம், எருமை, நீலமான் இதோட பற்களும் கிடைச்சிருக்கு. இன்னைக்கு முள்ளுக்காடா இருக்கிற இடத்துல ஒரு காலத்துல இதெல்லாம் தண்ணி குடிக்க வந்திருக்கு. மனுஷக் கால்தடம் மட்டும் இல்ல.

ஆனா எத்தியோப்பியாவுல இருக்கு. மெல்கா குந்துரேன்னு ஒரு இடம். 7 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு குட்டையோட சேத்துக்கரை. அங்க பெரியவங்க கால்தடத்துகூடவே ஒரு வயசு, ரெண்டு வயசு, மூணு வயசுக் குழந்தைகளோட கால்தடம். பக்கத்துலேயே கல் கருவிகள், வெட்டின நீர்யானை எலும்புகள். அதாவது பெரியவங்க கல்லை உடைச்சுக்கிட்டு, நீர்யானையை அறுத்துக்கிட்டு இருக்காங்க, நடைபழகின குழந்தை அங்கேயே சேத்துல தத்தக்கா புத்தக்கான்னு நடந்துக்கிட்டிருக்கு. 'வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வராதே'ன்னு சொல்ல ஆள் இல்லாத காலம். அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல இன்னொரு தடம். குறைஞ்சது 11,000 வருஷத்துக்கு முன்னாடி, ராட்சத ஸ்லாத்ங்கிற ஒரு பெரிய விலங்கு நடந்த பள்ளத்துல தண்ணி தேங்கியிருக்கு. அதைச் சுத்திச் சுத்திக் குழந்தைகளோட கால்தடம். தண்ணியில குதிச்சிருக்காங்க. அவ்வளவுதான் விஷயம். மழை பெஞ்ச மறுநாள் உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நடக்கிறதுதான் அங்கேயும் நடந்திருக்கு.

பிரான்ஸ்ல எத்தியோல்னு ஒரு இடம், பனிக்காலத்தோட கடைசிக் கட்டம். அங்க அடுப்பைச் சுத்திக் கல் செதுக்கின சில்லுகளை ஒவ்வொண்ணா ஒட்டிப் பார்த்திருக்காங்க. அடுப்புக்குப் பக்கத்துல கிடந்த சில்லெல்லாம் கைதேர்ந்த வேலை. அடுப்பிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக வேலை சொதப்பல். தப்பான இடத்துல அடிச்சது, பாதியில உடைஞ்சது. அங்க உட்கார்ந்திருந்தது கத்துக்கிறவங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பெரியவங்களைப் பார்த்துக் காப்பியடிச்ச சின்னப் பசங்களா இருக்கலாம். இதைப் படிச்சப்போ எனக்கு, பூரிக்கட்டையைப் பிடுங்கிக்கிட்டு ஆஸ்திரேலியா மேப் மாதிரி சப்பாத்தி தேய்க்கிற என் மகள்தான் ஞாபகம் வந்தா.

சரி, நாங்க போன கதை. போன காலாண்டு லீவுல நான், கணவர், 5 வயசு மகள், எங்க அம்மா, 4 பேரும் கிளம்பினோம். திருவள்ளூர் வரைக்கும் லோக்கல் ட்ரெயின், அங்கேர்ந்து ஊத்துக்கோட்டை ரோட்டுல பூண்டி. முதல்ல ஏரி. 1944ல கொசஸ்தலைக்குக் குறுக்கே கட்டி முடிச்சது. மெட்ராஸ் மேயரா இருந்த சத்தியமூர்த்தி முன்னெடுத்த திட்டம், அதான் சத்தியமூர்த்தி சாகர்னு பேர். பாவம், அது திறக்கிறதுக்கு முன்னாடியே 1943ல அவர் இறந்துட்டார். உங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணியில இந்த ஏரிக்கும் பங்கு இருக்குன்னு சொன்னதும் மகள் ரொம்ப மரியாதையா ஏரியைப் பார்த்தா. வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஷட்டர் திறப்பாங்க, தண்ணி எண்ணூர் வரைக்கும் சீறிக்கிட்டுப் போகும். அந்த நாட்கள்ல ஆத்துக்குள்ள பிள்ளைங்களை இறக்கவே கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி செய்தியைப் பார்த்துட்டுப் போங்க.

பூண்டியில மாநிலத் தொல்லியல் துறையோட ஒரு சின்ன மியூசியம் இருக்கு. பழைய கற்காலத்துக்கான மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைக்கோடாரி. மாங்கொட்டையைப் பெரிசாக்கின மாதிரி வடிவம். மகளுக்கு அஞ்சு நிமிஷத்துல போரடிச்சிருச்சு. எங்க அம்மாதான் நின்னுட்டாங்க. "இது அம்மி கொத்துறவர் அடிக்கிற அடிடி"ன்னாங்க. எங்க தெருவுல "அம்மி கொத்தலையோ"ன்னு கூவிக்கிட்டு வருவாரே, அவர் உளியைச் சாய்ச்சுப் பிடிச்சுச் சில்லு பறக்க அடிக்கிறதை அம்மா சின்ன வயசுல மணிக்கணக்கா உட்கார்ந்து பார்த்திருக்காங்களாம். நான் படிச்ச எந்தக் கட்டுரையும் என் மகளுக்குப் புரியல. பாட்டி தரையில உட்கார்ந்து வெறுங்கையால அந்த அடியை நடிச்சுக் காட்டினது புரிஞ்சிருச்சு.

அப்புறம் அத்திரம்பாக்கம். போய்ப் பார்த்தா உங்களுக்கு ஏமாற்றமா இருக்கும், இப்பவே சொல்லிடறேன். கோயில் இல்ல, கோட்டை இல்ல, செல்ஃபி பாயின்ட் இல்ல. முள்ளுச்செடி, செம்மண், மழை அறுத்த பள்ளங்கள், ஆடு. நிழல் ரொம்பக் கம்மி. தோண்டின குழிகள்னு பெரிசாப் பார்க்க எதுவும் இல்ல. ஆனா 5 வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வேற எது? ஏறலாம், இறங்கலாம், சறுக்கலாம். முந்தின நாள் மழை பெஞ்சிருந்ததால செம்மண் களி பிசைஞ்ச மாதிரி. பத்து நிமிஷத்துல டிரெஸ் கலர் மாறிடுச்சு.

அங்கதான் அது நடந்துச்சு. திரும்பக் கிளம்பும்போது மகளோட பாக்கெட் கனமா தொங்குது. எடுத்தா, உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கல். குவார்ட்சைட். ஒரு பக்கம் உருண்டை, இன்னொரு பக்கம் ரெண்டு மூணு செதில் எடுத்த மாதிரி. அது கருவியா, சும்மா தண்ணியில உருண்டு உடைஞ்ச கல்லான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. எடுத்துட்டுப் போகணும்னு எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். புத்தக அலமாரியில எந்தத் தட்டுன்னு வரைக்கும் யோசிச்சுட்டேன்.

இதுல என்ன சிக்கல்னா, நான் இவ்வளவு நேரம் சொன்ன 15 லட்சம், 3 லட்சத்து 85 ஆயிரம் எல்லாமே கல்லு எங்க கிடந்துச்சுங்கிறதை வெச்சு வந்த கணக்கு. எந்த அடுக்கு, எந்த மண்ணு, பக்கத்துல என்னங்கிறதுதான் அதோட ஜாதகம். பாக்கெட்ல போட்ட அந்த நொடியில கல் ஊமையாயிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லுன்னு வெச்சாலும், ஒரு லீவு சீசன்ல ஓடைக்கரை துடைச்சு எடுத்த மாதிரி ஆயிடும்.

மகள்கிட்ட இதை எப்படிச் சொல்றது? "இது அவங்க பொருள், அவங்க வெச்ச இடத்துலயே வெச்சுடலாம்"னேன். "அவங்க எப்போ வந்து எடுப்பாங்க?"ன்னு கேட்டா. "வர மாட்டாங்க"ன்னேன். "அப்போ நான் எடுத்துக்கலாமே?" லாஜிக்ல தப்பே இல்ல. கடைசியில பாட்டிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், எந்தப் பள்ளத்துல எடுத்தாளோ அதே பள்ளத்துல வைக்க வெச்சாங்க. அழுகை, ஊத்துக்கோட்டை ரோடு வரைக்கும்.

ஆனா வீட்டுக்கு வர்ற வழியில என்னை உறுத்தினது அவ அழுகை இல்ல, எதிர்ல வந்த லாரிங்க. இந்த மாவட்டத்துல மனையை மேடாக்க, ரோடு போட, ஷெட் கட்ட, எல்லாத்துக்கும் மண்ணு வேணும். சவுடு, கிராவல். லாரி லாரியாப் போய்க்கிட்டே இருக்கு. பழைய கற்காலக் கருவிகள் பல இடங்கள்ல எந்த அடுக்குல இருக்கு? அதே செம்மண் கிராவல்லதான். பல்லாவரத்துல ஃபூட் முதல் கல்லை எடுத்ததும் ஒரு கிராவல் குழியிலதான்னு சொன்னேன் இல்லையா? தோண்டினதாலதான் தெரிஞ்சது, தோண்டறதாலேயே அழியுது. அஞ்சு வயசுப் பிள்ளையை ஒரு கல்லுக்காக அழ வெச்சுட்டு, இந்த லாரிகளைப் பார்த்துக்கிட்டு ட்ரெயின் ஏற ஒரு மாதிரியா இருந்துச்சு. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கும்மிடிப்பூண்டியில அந்த ஷெட்டுக்குள்ள வேலை இருக்கிறதாலதான் நம்ம நேயரோட பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டுறாங்க, அதுவும் தெரியும்.

நேயருக்கு இப்போ நேரடியாச் சில விஷயம். சார், உங்க வீட்லேர்ந்து அத்திரம்பாக்கம் மேற்குப் பக்கம், ஊத்துக்கோட்டை வழியா வந்தா பூண்டி. மூணு வயசுப் பாப்பாவுக்கு வெயில் தாங்காது, காலையிலேயே போயிடுங்க. தண்ணி, தொப்பி, ஒரு செட் மாத்து டிரெஸ், முழங்கால் மூடற பேன்ட். மழை பெஞ்ச மறுநாள் பள்ளத்து ஓரம் சரியும், விளிம்புல நிக்க விடாதீங்க. அல்லிக்குழி மலையில குடியம் குகைகள் இருக்கு, ஃபூட் அங்கேயும் போயிருக்கார், ஆனா காட்டுக்குள்ள நடக்கணும். யூகேஜி பையனுக்கே கஷ்டம். அதை இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம்.

இது தூரம்னு தோணுச்சுன்னா உங்களுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கே. அத்திரம்பாக்கத்தோட ஒப்பிட்டா அது நேத்துப் பொறந்த குழந்தை. பனிக்காலம் முடிஞ்சு கடல்மட்டம் ஏறினதுக்கு அப்புறம் சில ஆயிரம் வருஷத்துல உருவான உப்பங்கழி. கைக்கோடாரி செஞ்சவங்க பார்க்காத ஏரி. பூநாரைகள் மழைக்கு அப்புறம் வரும். அக்டோபர்ல போனா ஒண்ணு ரெண்டுதான் கண்ணுல படும். டிசம்பர், ஜனவரிதான் சரியான நேரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போற ட்ரெயின்ல சூலூர்பேட்டையில இறங்கி, ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுல கொஞ்ச தூரம் போனாலே ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏரி. தலையைக் கவுத்து, அலகைத் தலைகீழா வெச்சு அது சாப்பிடுறதை உங்க பையன் ஒரு வாரம் நடிச்சுக் காட்டுவான்.

ஒரே ஒரு விஷயம், படகு வேண்டாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், இதே பழவேற்காட்டுல குடும்பமா சுற்றுலா போனவங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனாங்க. குழந்தைகளும் இருந்தாங்க. நம்ம ஊர்ல வெளியில கூட்டிட்டுப் போறதுன்னா யாராவது ஒருத்தர் "சும்மா ஒரு ரவுண்டு"ன்னு கூப்பிடுவாங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கா, உங்க பாப்பா அளவுக்கு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா கரையில நின்னு பாருங்க, பறவை அங்கேயே தெரியும்.

மகள் விஷயம் பாக்கி இருக்கு. மறுநாள் காலையில மொட்டை மாடியில டக்கு டக்குன்னு சத்தம். போய்ப் பார்த்தா, ஜல்லிக்கல்லை இன்னொரு ஜல்லியால அடிச்சுக்கிட்டிருக்கா. பக்கத்துல பாட்டி, கண்ணுல தெறிக்காம இருக்க அவளுக்குத் தன்னோட மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒரு செதில்கூட உருப்படியா வரல. "ரொம்பக் கஷ்டம்மா"ன்னா. ஆமா, அது ரொம்பக் கஷ்டம்தான்.

அடுத்த எபிசோட்ல பழவேற்காட்டு டச்சுக்காரங்க. 1613ல கட்டின கோட்டையும், வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின கல்லறைத் தோட்டமும். உங்க ஊர்ப்பக்கம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி பழைய இடம் ஏதாவது தெரிஞ்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வர்றேன்.